குனிவதற்கு ஓர் அலுவலர்

நகரத்துக்கு நிறநெறி வாரியம் என்று ஒன்று வந்து சேர்ந்த பிறகு யாருக்கும் எந்த நிறமும் சொந்தமில்லை என்றாகிவிட்டது. அதற்கு முன்பு மனிதர்கள் கண்ணுக்குப் பிடித்ததை வாங்கி, கைக்கு வந்தபடி அடித்து, அதையே பார்த்துக்கொண்டு வாழ்ந்து முடித்தார்கள். இது காட்டுமிராண்டித்தனம் என்று வாரியம் கண்டுபிடித்தது. இனிமேல் தெருவைப் பார்த்த சுவர் எதுவானாலும் அதன் நிறத்துக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் வாரியத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் அப்போதைக்கு இருந்தவை எல்லாம் வெள்ளைகள். 'அமைதி' ஒரு வெள்ளை, 'அடக்கம்' ஒரு வெள்ளை, 'அரைப்புன்னகை' ஒரு வெள்ளை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆனால் ஒரு தெருவில் குடியிருந்த வாத்தியாருக்குத் தெரிந்தது. தன் வீட்டுக்கு அரைப்புன்னகை அடித்துவிட்டு, அடக்கம் அடித்த பக்கத்து வீட்டைக் காட்டி, "கொஞ்சம் டல்லா இல்ல?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இரக்கப்பட ஆரம்பித்தார்.

அந்தத் தெருவில் பெயரில்லாமல் நின்றது லிஃப்ட்காரர் வீட்டுச் சுவர் ஒன்றுதான்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் வைத்திருப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். வாழ்நாளெல்லாம் ஊரார் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற மனுஷர். அவருடைய வீட்டுக்கு மாடியே கிடையாது. அந்த வீட்டின் முன்சுவரை அவர் மனைவிதான் அடித்தாள், உடம்புக்கு முடியாமல் படுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால். பரணில் வாசல் கேட்டுக்கு அடித்த பச்சையில் மிச்சம் இருந்தது. சமையலறை மஞ்சளில் மிச்சம் இருந்தது. மகள் படித்த மேஜைக்கு வாங்கிய நீலம் அடியில் கொஞ்சம் கெட்டியாகிக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரு வாளியில் ஊற்றி விறகால் கலக்குவதுபோலக் கலக்கினாள்.

"என்ன கலர் இது?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? காயட்டும், பார்ப்போம்" என்றாள்.

காய்ந்தது, பார்த்தார்கள். காலையில் ஒரு மாதிரி இருந்தது, சாயங்காலம் வேறு மாதிரி இருந்தது. அதைப் பற்றி அதற்கு மேல் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்கால் வலி என்பதால் சுவரின் அடிப்பகுதியை அவள் முக்காலியில் உட்கார்ந்தே அடித்தாள். நடுப்பகுதியை நின்று அடித்தாள். கை எட்டாத மேல்பகுதிக்கு இவர் ஏணி போட்டு ஏறினார். லிஃப்ட்டைத் தவிர எதையும் ஒழுங்காக மேலே கொண்டுபோகத் தெரியாதவர் என்பதால் அந்தப் பகுதி அலை அலையாக வந்தது. "உங்க பாகம் மட்டும் தனியாத் தெரியுது பாருங்க" என்று அவள் தெருவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இப்போது அவள் இல்லை. அவளுடைய துணிமணிகளை, வந்திருந்த மகள் யார் யாருக்கோ கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பாத்திரங்கள் எல்லாம் கடையில் வாங்கியவை, யார் கையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவள் கை அப்படியே தெரிவது அந்தச் சுவரில்தான். சாயங்காலமானால் வாசல் பெஞ்சில் அதற்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொள்வார். இந்தச் சுவர் போய்விடக் கூடாது. வேறு எந்த ஆசையும் அவருக்கு மிச்சமில்லை.

அப்போதுதான் நோட்டீஸ் வந்தது. பெயரற்ற நிறத்தை வெள்ளையால் மூடுக, அல்லது முறைப்படி அங்கீகாரம் பெறுக என்று சொன்னது. அடியில் இன்னொரு வரி: 'அங்கீகரிக்கப்பட்ட நிறத்தைச் சுரண்டுவதும் சேதப்படுத்துவதும் தண்டனைக்குரிய குற்றம்.' அந்த வரியை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். ஒரு தடவை அங்கீகாரம் வாங்கிவிட்டால் போதும், பிறகு அவள் சுவரை எந்தக் கொம்பனும் தொட முடியாது. அவருக்கு அது பெரிய தைரியமாக இருந்தது.

தூர தேசத்தில் இருந்த மகள் போனில் சொன்னாள்: "அப்பா, பேசாம வெள்ளை அடிச்சிட்டு நிம்மதியா இருங்களேன்."

"நிம்மதியாத்தாம்மா இருக்கேன்."

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

பிறகு இருவருக்கும் பேச்சுக்குத் தட்டுப்பாடு வந்தது. சிக்னல் சரியில்லை என்று இருவருமே சொல்லிக்கொண்டார்கள்.

வாரியத்தின் அலுவலகம் தரையிலிருந்து கூரை வரை சாம்பல் நிறம். உள்ளே இருந்தவர்கள் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தியிருந்தார்கள். இழவு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று அவர் வாசலிலேயே தயங்கினார். காவலாளி அவருடைய சிவப்புக் குடையை வாங்கி ஒரு சாம்பல் உறைக்குள் திணித்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"தக்காளி உள்ள போகாது சார்."

"சாப்பிடத்தான் கொண்டு வந்தேன்."

"சாப்பிடுங்க, வேண்டாங்கலை. வெளிய நின்னு சாப்பிட்டுட்டு, வாயைத் துடைச்சிட்டு வாங்க. அதிகாரிங்க கண்ணு ரொம்ப மென்மை."

தக்காளியைத் தின்றுவிட்டு வந்தவரைக் 'கண் கழுவும் அறை'யில் உட்கார வைத்தார்கள். தெருவில் பார்த்த நிறங்களெல்லாம் கண்ணைவிட்டு இறங்கும்வரை வெறும் சாம்பல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர்கள் நெளிந்தார்கள். அவருக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. வீட்டில் அவர் செய்துகொண்டிருந்த வேலையும் கிட்டத்தட்ட இதுதான். இங்கே பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்தது ஒரு வகையில் ஆறுதல். அப்படியே தூங்கிப்போனார். எழுப்பிய குமாஸ்தா அம்மாள், "உங்க கண்ணு நல்லா கழுவியிருக்கு" என்று பாராட்டி உள்ளே அழைத்துப் போனாள்.

"நிறத்தோட பேர் சொல்லுங்க."

"பேர் இல்லீங்க."

"வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"கூப்பிடறதில்லீங்க. அது அங்கயேதானே இருக்கு?"

"உங்க மனைவி என்ன சொல்வாங்க?"

அவர் யோசித்தார். மனைவி அவரையே பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அவர் 'என்னங்க'. அவருக்கு அவள் 'இந்தா'. இருப்பது இரண்டு பேர். ஒருத்தர் குரல் கொடுத்தால் மற்றவரைத்தான் என்று தெரியாதா? இதையெல்லாம் அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று விழித்தார்.

"சரி, 'பெயர் பரிசீலனையில்'னு போட்டுக்கறேன். மாதிரி எடுக்க ஆய்வாளர் வருவார்" என்றாள்.

வந்த ஆய்வாளர் தங்கமான மனுஷன். கையில் ஓர் எஃகுச் சுரண்டி, பையில் சின்னச் சின்ன கண்ணாடிக் குப்பிகள். "மன்னிக்கணும் சார்" என்று சுவரிடமா இவரிடமா என்று தெரியாமல் சொல்லிவிட்டு, நெஞ்சு உயரத்தில் ஒரு வில்லை அளவுக்குச் சுரண்டினார். அது அவள் நின்று அடித்த பகுதி. லிஃப்ட்காரருக்குத் தன் தோலைச் சுரண்டியதுபோல இருந்தது.

"தம்பி, தம்பி, மேல எடுங்களேன். அது நான் அடிச்சது. எவ்வளவு வேணா எடுத்துக்குங்க."

"ஏணி எங்க துறையில இல்ல சார்."

"என்கிட்ட இருக்கு, கொண்டு வரேன்."

"தனியார் ஏணியில ஏறினா வேலை போயிடும். குனியறதுக்கும் எங்களுக்கு உத்தரவு இல்ல. நேர்ப்பார்வை மட்டும்தான்."

ஒரு வில்லைதானே, போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அது மரபுப் பிரிவுக்கான மாதிரி. அடுத்த வாரம் ஒத்திசைவுப் பிரிவுக்கு என்று ஆய்வாளர் வந்தார். அதற்கடுத்து உணர்ச்சிப் பிரிவு. உணர்ச்சிப் பிரிவில் மாதிரியைப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் முன்னால் வைத்து, யாராவது கண் கலங்குகிறார்களா என்று பார்ப்பார்களாம். யாரும் கலங்கவில்லை. வில்லை சின்னதாக இருந்ததுதான் காரணம் என்று முடிவு செய்து, உள்ளங்கை அளவு கேட்டனுப்பினார்கள். அதற்கும் ஒருவரும் அழாததால் சாப்பாட்டுத் தட்டு அளவு. அதன் பிறகு ஒரு பெண் அழுதாள். விசாரித்ததில் அவளுக்கு லீவு மறுக்கப்பட்டிருந்தது தெரிந்து, சோதனை செல்லாது என்று மறுபடி மாதிரி கேட்டார்கள். சோதித்த மாதிரி எதுவும் திரும்பி வராது. நிறம் இயற்கையானதா என்று கண்டுபிடிக்க அதைக் கரைத்துவிட வேண்டியிருக்கிறது என்றார்கள்.

"வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடவா?" என்று ஒரு நாள் ஆய்வாளரிடம் கேட்டார்.

"கொடுத்தா நாளைக்கே முழுச் சுவரும் வெள்ளை சார். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

பொறுத்துக்கொண்டார். இதில் அவருக்கே வெட்கமான ஒரு விஷயம் இருந்தது. ஆய்வாளர் வரும் நாளை அவர் எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தார். அந்த வாசல் மணியை வேறு யார் அடிக்கிறார்கள்? டீ போட்டுக் கொடுப்பார். ஆய்வாளரும் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, தன் பெண்ணுக்குக் கணக்கு வரவில்லை என்பதுவரை பேசிவிட்டுப் போவார். பாழாய்ப்போன மனுஷன் வந்தால் சுவர் குறைகிறது. வராவிட்டால் பேச ஆளில்லை. இரண்டுக்கும் நடுவில் சுவரின் நடுப்பகுதி முழுக்கச் சிமென்ட் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஒருவழியாக வாரியத்தின் முழு அமர்வுக்கு அழைப்பு வந்தது. மறுபடி குடைக்கு உறை, மறுபடி கண் கழுவல். தலைவர் எழுந்தார். கறுப்பு உடை, கறுப்புக் கண்ணாடி.

"நண்பர்களே, நான் முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். இந்த முப்பது வருஷத்துல ஒரு நிறத்தைக்கூட நான் நேரா பார்த்ததில்லை. பார்த்தா என்ன ஆகும்? பிடிச்சுப்போயிடும்! பிடிச்சுப்போச்சுன்னா பாரபட்சம் வந்துடும். அதனால நான் அறிக்கையை மட்டும்தான் படிப்பேன். எனக்கு நிறம் முக்கியமில்லை. நிறத்தைப் பத்தி நாம என்ன பேசறோம்ங்கிறதுதான் முக்கியம். போன வருஷம் மூணு வெள்ளையை அங்கீகரிச்சோம். வித்தியாசம் எங்கேன்னு சிலர் கேட்டாங்க. அந்த வித்தியாசத்தைக் காக்கத்தானே ஐயா இவ்வளவு பெரிய கட்டடம் கட்டியிருக்கோம்?"

கைதட்டினார்கள். அடுத்து கலை ஆலோசகர் எழுந்தார். மெலிந்த உருவம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் கண்ணை மூடுவார்.

"இந்தச் சுவர்ல ஒரு விடைபெறுதல் இருக்கு. ஆனா விடைபெற்று முடியலை. அதனால இந்த நிறத்துக்கு 'விடைபெறாத மதியம்'னு பெயர் வைக்கிறேன்."

லிஃப்ட்காரர் பள்ளிக்கூடப் பையன்போலக் கையைத் தூக்கினார். "அவ காலையிலதாங்க அடிச்சா. மதியம் வெயில் தாங்க மாட்டா."

"அது அவங்களுக்குக் காலை" என்றார் ஆலோசகர் பரிதாபமாக. "கலைக்கு மதியம். இன்னொண்ணு. சுவரோட மேல்பகுதியைப் படத்துல பார்த்தேன். அது மூலக் கை இல்லை. யாரோ திறமை இல்லாத ஆள் பின்னால செஞ்ச போலி."

"அது நாந்தாங்க."

"ஒப்புக்கொண்டதுக்கு நன்றி. அதைத் துணி போட்டு மூடிடணும்."

தலைவர் தீர்ப்பைப் படித்தார். நிறம் அங்கீகரிக்கப்பட்டது, அங்கீகாரம் மட்டுமா, ஆண்டின் நிறமாகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. நகரத்தின் சுவர்கள் எல்லாம் இனிமேல் 'விடைபெறாத மதியம்'. லிஃப்ட்காரருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உணர்ச்சிப் பிரிவுக்காரர் ஒருவர் பாய்ந்து வந்து அதைக் குறித்துக்கொண்டார்.

"அப்ப இனிமே சுரண்ட மாட்டீங்கல்ல?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"அங்கீகாரம் நிறத்துக்குத்தான், உங்க சுவருக்கு இல்லை" என்றார் தலைவர். "உங்க சுவர்ல இருக்கிறது அந்த நிறம்தானான்னு நாங்க எப்படி நம்பறது? எடுத்த மாதிரியெல்லாம் கரைஞ்சு போச்சு. மூலக் கையால அடிச்ச முதன்மை மாதிரி ஒண்ணு வாரியத்துல நிரந்தரமா இருந்தாகணும். நடுவுல ஒண்ணும் மிச்சமில்லை. மேல போலி. கீழ பெஞ்சுக்குப் பின்னால இருக்குன்னு அறிக்கை சொல்லுது. அது முழுசும் எடுத்துடுவோம்."

"குனிய உத்தரவு இல்லைன்னாங்களே?" என்றார் லிஃப்ட்காரர்.

"அதுக்காகவே ஒரு பதவி உருவாக்கியிருக்கோம். குனியும் அலுவலர். பயிற்சியில இருக்கார். நாளைக் காலையில முழுசாக் குனிஞ்சிடுவார்."

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. உறை போட்ட குடையோடு வந்திருந்தார். பெஞ்சை இழுத்துத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தார். மேலே அவருடைய போலியை அதற்குள் யாரோ வந்து துணியால் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். நடுவில் சிமென்ட். கீழே, முழங்கால் உயரத்துக்கு, முக்காலியில் உட்கார்ந்து அவள் இழுத்த தூரிகைக் கோடுகள். இடமிருந்து வலம், இடமிருந்து வலம், நடுவில் எங்கேயோ மூச்சு வாங்கி நிறுத்திய இடம்கூடத் தெரிந்தது. இந்தக் கிழவனைத் தனியாக விட்டுவிட்டுப் போனதோடு நிற்காமல், ஊருக்கெல்லாம் ஒரு நிறத்தையும் கலந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே என்று கோபம் வந்தது. கோபம் வந்த வேகத்தில் அழுகையும் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதார்.

அழுது முடித்த பிறகுதான் நோட்டீஸின் அந்தக் கடைசி வரி நினைவுக்கு வந்தது.

பெயின்ட் கடைக்காரர், "எந்த வெள்ளை சார்?" என்றார்.

"அங்கீகாரம் இருக்கிறது எதுவா இருந்தாலும் சரி."

"அப்ப இந்த பீப்பால இருந்தே எல்லாம் தரலாம். லேபிள் மட்டும் சொல்லுங்க."

'அமைதி' என்றார்.

முக்காலியைத் தேடி எடுத்தார். அதன் கால்களில் அவள் சிந்திய துளிகள் இருந்தன. அதில் உட்கார்ந்து, அவள் போன வழியிலேயே, இடமிருந்து வலமாக, அவள் நிறுத்திய இடத்தில் தானும் நிறுத்தி, வெள்ளையை அடித்தார். இந்த வெள்ளையை எதிர்த்துத்தான் இத்தனை நாளும் படி ஏறி இறங்கினார். இந்தத் தடவை அலை அலையாக வரவில்லை. பார்க்க அவள் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

எதிர்வீட்டு வாத்தியார் வாசலிலிருந்து கத்தினார்: "என்ன லிஃப்ட்காரரே, அடங்கிட்டீங்க போல!"

"அடங்கிட்டேன் வாத்தியாரே."

மறுநாள் காலை வாரியம் திரண்டு வந்தது. தலைவர், ஆலோசகர், சுரண்டியோடு ஆய்வாளர், எல்லோருக்கும் நடுவில் இடுப்பில் பட்டை கட்டிய குனியும் அலுவலர். இரண்டு பேர் அவருடைய தோளைப் பிடித்துக்கொள்ள, அவர் பதவிக்குரிய கம்பீரத்தோடு குனிந்தார்.

"வெள்ளையா இருக்கு" என்றார் கீழேயிருந்து.

"என்ன வெள்ளை?" என்றார் தலைவர்.

"அது என் பயிற்சில இல்லீங்க."

"அமைதி" என்றார் லிஃப்ட்காரர். டப்பாவைக் காட்டினார்.

ஆலோசகர் கண்ணை மூடி, "சுரண்டிப் பாருங்க, அடியில இருக்கும்" என்றார்.

"ஐயா, அமைதி அங்கீகாரம் பெற்ற நிறம். சுரண்டினா தண்டனைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க" என்றார் லிஃப்ட்காரர். வாழ்க்கையில் அவர் பேசிய மிக நீளமான வாதம் அதுதான்.

தலைவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "புதுசா அடிச்சிருந்தா அது இன்னும் நிறமாகலை, வெறும் ஈரம். ஈரத்தைத் துடைக்கலாம். தொட்டுப் பாருங்க" என்றார் ஆய்வாளரிடம்.

குனியும் அலுவலர் அதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் நின்றதால், ஆய்வாளரே உத்தரவில்லாமல் குனிந்தார். பெஞ்சின் காலோரமாகச் சுவரில் ஒரு விரலை வைத்தார். எடுத்தபோது விரல் நுனி வெள்ளையாக இருந்தது. லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார். ஆய்வாளர் முக்காலியின் கால்களையும் அதிலிருந்த துளிகளையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு விரலைத் தன் கறுப்பு உடைக்குள் துடைத்துக்கொண்டார்.

"நல்லா காஞ்சிருக்கு சார்" என்றார்.

வாரியம் கிளம்பியது. இனி அந்தச் சுவரில் ஆய்வு செய்ய எதுவும் இல்லை என்று எழுதி முத்திரை குத்தினார்கள். ஆய்வாளர் கடைசியாகப் போனார். கேட்டருகில் திரும்பி, எதையோ சொல்ல வந்து, "வரேன் சார்" என்று மட்டும் சொன்னார். வர அவருக்கு இனிக் காரணம் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

சில மாதங்களில் ஊர் முழுக்க 'விடைபெறாத மதியம்' வந்துவிட்டது. முதன்மை மாதிரி கிடைக்காததால் ஆலோசகரின் கட்டுரையைப் படித்துத் தொழிற்சாலையில் நிறத்தைத் தயாரித்தார்களாம். ஆறிப்போன டீயில் ஏடு படிந்ததுபோல வந்தது. வாத்தியார் முதல் ஆளாக அடித்துவிட்டு, இதில் ஒரு பிரிவுத் துயரம் இருக்கிறது என்று தெருவுக்கே விளக்கினார்.

மகள் போன் செய்தாள். அவள் இருக்கும் ஊரிலும் அந்த நிறம் வந்துவிட்டதாம். "அப்பா, இது அம்மா அடிச்ச கலராமே? இங்க பெரிய ஃபேஷன். ஆமா, நம்ம வீட்ல அது எப்படி இருந்துச்சு? எனக்கு சுத்தமா ஞாபகமே இல்ல."

அவர் சொல்ல வாயெடுத்தார். பச்சை என்பதா, மஞ்சள் என்பதா, காலையில் ஒரு மாதிரி என்பதா. எதுவும் கிட்டே வரவில்லை. "நேர்ல வா, காட்டறேன்" என்றார்.

"லீவு கிடைக்கணும்ப்பா."

"கிடைக்கும்போது வா."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். சாயங்கால வெளிச்சம் சுவரில் விழுந்திருந்தது. பெஞ்சு இப்போது உயரமாகப் பட்டது அவருக்கு. தரையில் முக்காலியைப் போட்டு, அவள் உட்கார்ந்த உயரத்துக்கு உட்கார்ந்து, வெள்ளையில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். தெருவில் யாரும் இல்லை.

"இந்தா" என்றார். வழக்கமாக அதற்கு ஒரு 'என்னங்க' வரும். கொஞ்ச நேரம் காத்திருந்தார். "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, முதுகை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டார்.